மூன்று பல் சாவி

இந்த வார்டில் ஆணி கூடாது.
கயிறு கூடாது, கண்ணாடி கூடாது.
திருகாணியும் ஆணிதானே என்றால்
மேட்ரன் முறைப்பார்.
அதன் தலையில் மூன்று பல் பள்ளம்.
அதற்கான சாவி
இந்தக் கட்டடத்தில் என் இடுப்பில் மட்டும்.
குழாய் ஒழுகினால் கூப்பிடுவார்கள்,
ஏர்கோன் சொட்டினால் கூப்பிடுவார்கள்.
படம் மாட்ட என்று
போன மாதம்தான் முதன்முதலாகக் கூப்பிட்டார்கள்.

ஓவியங்கள் லோரியில் வந்தன,
பழைய பாத்திக் துணியில் சுற்றி, பதினாறு.
எல்லாம் பினாங்குக்காரர்கள் வரைந்தவை.
குழு உட்கார்ந்தது.
நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.
மீன்கடைப் படத்தில் கத்தி இருக்கிறது, வேண்டாம்.
மழைப் படம் அழவைக்கும், வேண்டாம்.
செம்பருத்தியில் சிவப்பு அதிகம்.
டாக்டர் வேதமுத்து ஒரு மாம்பழத்தைக்கூடச்
சந்தேகமாகப் பார்த்தார்.

மீன்கடையை வரைந்தவள் கூய் சியூ லிங்.
"கத்தியை அழிக்கிறேன்,
மீன்காரி எதை வைத்து வெட்டுவாள்?"
என்று மலாயில் கேட்டாள், யாரையும் பார்க்காமல்.
யாரும் பதில் சொல்லவில்லை.
மீன்கடை லோரிக்கே திரும்பியது.

அவளுடைய இன்னொன்று தப்பியது:
பெர்ரி.
மஞ்சள் வயிறு, கீழே கார்கள்,
மேல்தட்டில் ஆட்கள்,
மைலோ நிறத்தில் கடல்.
ஆண்கள் பகுதி நடைக்கூடத்தில்
மட்டம் வைத்துப் பார்த்து
மயிரிழை சாயாமல் மாட்டினேன்.

ஒன்பதாம் கட்டில் அரியநாதன்
மறுநாள் மூன்றரைக்கு
அதன் முன்னால் வந்து நின்றார்.
கையில் பிளாஸ்டிக் பை.
அடுத்த நாளும் அதே நேரம்.
அதற்கடுத்த நாளும்.

எனக்குத் தொண்டை அடைத்தது.
அந்தப் பெர்ரி நின்றுபோய் வருஷங்கள் ஆகின்றன.
இப்போது ஓடுவது வேறு,
குளுகுளுவென்று, காருக்கு இடமில்லாமல்.
உள்ளேயே இருப்பவருக்கு யார் சொல்வது?
பட்டர்வொர்த் கரையில்
அவருக்காகக் காத்திருக்கும் ஒரு மகளை
நானே உண்டாக்கி,
நீலச் சட்டையும் போட்டுவிட்டு,
இரண்டு இரவு தூங்கவில்லை.

பிறகு ஒருநாள்
திருகாணியைச் சரிபார்ப்பதுபோல் போய்
மெல்லச் சொன்னேன்:
"அண்ணே, இந்தப் பெர்ரி இப்போ ஓடுறதில்ல."

பைத்தியக்காரனைப் பார்க்கிற பார்வை ஒன்று
பார்த்தார் என்னை.
"இது படம் தம்பி."

அப்புறம் கொஞ்சம் இரங்கி:
"டீ ட்ராலி அந்த மூலையில திரும்பி
மொதல்ல நிக்கிறது இங்கதான்.
கடைசிக் கட்டிலுக்குப் போறதுக்குள்ள
பிஸ்கட் தீர்ந்துடும்.
முன்னாடி இது வெறுஞ்சுவர்.
பாத்துக்கிட்டு நின்னா
சுவரை வெறிக்கிறான்னு ஏட்டுல எழுதுவாங்க.
இப்போ, படம் பாக்குறான்னு விட்டுடுறாங்க."

பையைத் திறந்து காட்டினார்.
நான்கு கிரீம் கிரேக்கர்,
பதினோராம் கட்டிலுக்கு.
"அவன் எழுந்து வரமாட்டான்."

ட்ராலிச் சத்தம் கேட்டது.
திரும்பியவனைக் கூப்பிட்டார்.
"ஒண்ணு மட்டும்.
மேல்தட்டுல மூணாவது ஆளு.
எல்லாரும் போற பக்கம் பாக்குறாங்க,
அவன் மட்டும் வந்த பக்கம்.
என்னத்தைப் பாக்குறான்?
அந்தப் பொண்ணுகிட்ட கேட்டுச் சொல்லு."

கேட்டேன்.
சியூ லிங் போனில் வெகுநேரம் பேசவில்லை.
"தெரியாது," என்றாள்.
"தூரிகை அப்படித் திருப்பிவிட்டது.
அவருக்கு என்ன தோன்றுகிறதாம்?"

வேலை முடிந்து
வீட்டுக்குப் போகிற பெர்ரியில்
இன்று நான் வந்த பக்கம் திரும்பி நின்றேன்.
சாவி இடுப்பில் உறுத்தியது.
ஒரு பள்ளிக்கூடப் பையன்
என்னைப் பார்த்துவிட்டுத் தானும் திரும்பிப் பார்த்தான்.
கொம்தார் தெரிந்தது.
அதைப் போய் அவரிடம் எப்படிச் சொல்வது?
கொம்தார் எல்லாருக்கும்தான் தெரிகிறது.